பக்கவாத்தியப் பக்கம்

கேள்வி: என் மகள் பியானோவில் எட்டாவது கிரேடு முடித்துவிட்டாள். தனியாகக் கச்சேரி செய்ய ஆசை இல்லையாம். பாடுகிறவர்களுக்கும் வயலின் வாசிக்கிறவர்களுக்கும் கூட உட்கார்ந்து வாசிக்கத்தான் பிடிக்கிறதாம். அதெல்லாம் ஒரு பிழைப்பா?
– ஒரு தாய், புதுக்கோட்டை

பதில்: பிழைப்புதான் அம்மா. அதில் பேரும் புகழுமாக வாழ்ந்தவர்களே உண்டு. இங்கிலாந்தில் ஜெரால்ட் மூர் (1899–1987) என்றொருவர் இருந்தார். வாழ்நாள் முழுக்கப் பிறர் பாட்டுக்குத்தான் பியானோ வாசித்தார். 1967-இல் அவர் மேடையிலிருந்து ஓய்வு பெற்றபோது, லண்டன் ராயல் பெஸ்டிவல் ஹாலில் அவருக்காகப் பாட வந்தவர்கள் டீட்ரிஷ் பிஷர்-டீஸ்கௌ, எலிசபெத் ஷ்வார்ஸ்கோப், விக்டோரியா டி லாஸ் ஏஞ்சலஸ். அந்தக் காலத்தின் மிகப் பெரிய குரல்களில் மூன்று, ஒரு பக்கவாத்தியக்காரரை வழியனுப்ப வந்து நின்றன. அவர் எழுதிய சுயசரிதைக்குத் தலைப்பே ‘என் சத்தம் அதிகமாக இருக்கிறதா?’ என்பதுதான். ஒரு பக்கவாத்தியக்காரர் தினமும் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

மகளிடம் மூன்று விஷயங்களைச் சோதித்துப் பாருங்கள். முன்பின் பார்க்காத இசைத்தாளை வைத்தால் தடுமாறாமல் வாசிக்கிறாளா? ‘இன்று தொண்டை சரியில்லை, சுருதியை ஒரு படி இறக்கிக்கொள்’ என்று பாடகி சொன்னால், கண் தாளில் இருக்க, கை வேறு இடத்தில் வாசிக்குமா? பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்குவார் என்று அவருக்கு முன்பே இவளுக்குத் தெரிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் தயங்க வேண்டாம். டிரினிட்டி தேர்வுக்கு வயலினோடும் பாட்டோடும் போகும் பிள்ளைகளுக்குத் துணைப் பியானோ வேண்டும். தேவாலயப் பாடகர் குழுக்களுக்கு வேண்டும். வெளிநாடுகளில் ஆபரா ஒத்திகை, பாலே வகுப்பு எல்லாவற்றிலும் பியானோக்காரர் இல்லாமல் வேலை தொடங்காது. நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளியில் இதற்கென்று தனித் துறையே இருக்கிறது. புதுக்கோட்டையில் மட்டும் இருந்துகொண்டு வருமானத்துக்கு வழி செய்வது கடினம். திருச்சி, சென்னை என்று போய்வர வேண்டியிருக்கும்.

கேள்வி: பக்கவாத்தியம் என்றால் இரண்டாம் வரிசைதானே? ஊர் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அதில் என்ன இருக்கிறது?
– கீரனூர் வாசகர்

பதில்: கீரனூரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? உங்கள் மாவட்டத் தலைநகரின் பெயரில் ஒரு லய பாணியே இருக்கிறது. கர்நாடக இசையில் தாளம் பேசுகிறவர்கள் தஞ்சாவூர் பாணி, புதுக்கோட்டை பாணி என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள்.

இரண்டாவதைத் தொடங்கியவர் மான்பூண்டியா பிள்ளை. மாமுண்டியா பிள்ளை என்றும் சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் விளக்குப் பணியாளராக இருந்தவர் என்பது செவிவழி வரலாறு. மாரியப்பத் தவில்காரரிடம் தாளம் கற்றார். அதுவரை பஜனையிலும் தெருவிலும் தட்டிக்கொண்டிருந்த சின்னஞ்சிறு தோல் வளையத்தை எடுத்துச் செம்மைப்படுத்திக் கச்சேரி மேடையில் ஏற்றினார். அதுதான் கஞ்சிரா. பலா மரத்தில் ஒரு சாண் அகல வளையம், ஒரு பக்கம் மட்டும் தோல், ஒரே ஒரு துளையில் இரண்டு மூன்று காசுகள். இதை வைத்துக்கொண்டு தஞ்சாவூர் நாராயணசாமி அப்பாவின் மிருதங்கத்துக்கு முன்னால் உட்கார்ந்தார் என்றும், அப்பாவே வியந்து இந்த வாத்தியம் மேடைக்குரியது என்று ஏற்றுக்கொண்டார் என்றும் வித்வான்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். வீணை, புல்லாங்குழல், மிருதங்கம் எல்லாம் யார் எப்போது கொண்டுவந்தார்கள் என்று கை காட்ட முடியாத பழமை உடையவை. கஞ்சிராவுக்கோ ஊரும் ஆளும் சொல்ல முடிகிறது. ஊர் புதுக்கோட்டை.

அவருடைய சீடர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை அரண்மனைக் காவல் வேலையில் இருந்தவர். மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் அவருக்கு நிகராக அன்று இன்னொருவரைச் சொல்ல ஆளில்லை. காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889–1934) மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியங்களை அமர்த்திக்கொண்டு பாடியதை ‘புல் பெஞ்ச்’ கச்சேரி என்பார்கள். அந்த பெஞ்சில் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் ஒருவர். பின்னாளில் பாலக்காடு மணி ஐயர் இளைஞராக மிருதங்கத்தோடு உட்கார்ந்தபோது, மூத்தவரான இவர் கஞ்சிராவோடு பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார். பெரியவர் சின்னவருக்கு உபபக்கவாத்தியம்! வரிசை எண் போட்டுப் பார்க்கிறவர்களால் இப்படி உட்கார முடியாது.

கேள்வி: கஞ்சிராவுக்கு இன்னும் உடும்புத் தோல்தானா?
– இலுப்பூர்

பதில்: உடும்பு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொல்லக் கூடாது. ஆட்டுத் தோலிலும் செயற்கைத் தோலிலும் இன்று கஞ்சிரா செய்கிறார்கள். உடும்புத் தோலின் குழைவு வேறு என்று பழைய காதுகள் ஏங்குவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் உடும்பு உயிரோடு இருப்பதே எனக்குச் சம்மதம்.

கேள்வி: பியானோவில் துணை வாசிப்பது கடினமா, மிருதங்கத்திலா?
– கல்லூரி மாணவர், பொன்னமராவதி

பதில்: இரண்டும் வேறு வேறு கஷ்டம். பியானோக்காரருக்குக் கையில் தாள் இருக்கிறது. ஒவ்வொரு சுரமும் அச்சில் இருக்கிறது. அதனால் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. ஷூபர்ட் 1815-இல் அமைத்த ‘எர்ல்கோனிக்’ என்ற பாட்டில், நோயுற்ற மகனை அணைத்தபடி இரவில் குதிரையில் விரைகிறான் ஒரு தந்தை. பாடகர் தந்தையாக, மகனாக, கதை சொல்பவராக, அழைக்கும் மாயாவியாகக் குரல் மாற்றிக்கொண்டு பாடுவார். குதிரை மட்டும் பியானோக்காரரின் வலது மணிக்கட்டில் ஓடும். ஒரே சுரத்தை இடைவிடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கை கடுத்துப்போனால் குதிரை நின்றுவிடும்.

மிருதங்கக்காரருக்குத் தாளே கிடையாது. அடுத்து என்ன பாட்டு என்பதுகூடப் பல மேடைகளில் பாடகர் வாயைத் திறந்த பிறகுதான் தெரியும். ஒத்திகை பார்க்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. பாட்டு சமத்தில் எடுக்கிறதா, அரை இடம் தள்ளி எடுக்கிறதா, எந்த நடை, எங்கே சங்கதி வளர்கிறது, எங்கே கையைக் குறைத்துக் குரலுக்கு வழிவிட வேண்டும் என்பதையெல்லாம் முதல் வரி முடிவதற்குள் பிடித்தாக வேண்டும். அதனால் நல்ல மிருதங்க வித்வான்களுக்கு நூற்றுக்கணக்கில் கிருதிகள் பாடம். அவர்கள் பாடுவதில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: பாடகர் தாளத்தை விட்டுவிட்டால்?
– அன்னவாசல்

பதில்: கெட்டிக்காரர் அடுத்த ஆவர்த்தனத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். சபைக்குத் தெரியாது. நல்லவர், பிறகும் யாரிடமும் சொல்ல மாட்டார்.

கேள்வி: என் மகனுக்கு இடது கைப் பழக்கம். மிருதங்கம் கற்க ஆசைப்படுகிறான். ‘மேடையில் உட்காரவே இடம் கிடைக்காது’ என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
– ஆசிரியர், அறந்தாங்கி

பதில்: அந்த உறவினர்களுக்குப் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் கதையைச் சொல்லுங்கள். 1908-இல் பிறந்தவர். தந்தை பழனி முத்தையா பிள்ளை மான்பூண்டியா பிள்ளையின் சீடர். அந்த வீட்டுப் பிள்ளைக்கே இடது கை வாட்டம். தந்தையே முதலில் தயங்கினார் என்பார்கள்.

தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. மேடையில் பாடகரின் வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின் என்பது வழக்கம். அப்போதுதான் மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்து இருக்கும். இடது கைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்தால் வலந்தலை பின்சுவரைப் பார்க்கும், மறுபக்கமான தொப்பி சபையைப் பார்க்கும். எனவே இவர் வயலின் பக்கத்துக்கு மாற வேண்டும், வயலின்காரர் இந்தப் பக்கம் வர வேண்டும். பெரிய வயலின் வித்வான்களிடம் ‘கொஞ்சம் இடம் மாறுங்கள்’ என்று ஓர் இளைஞனுக்காக யார் சொல்வது? சொன்னவர் செம்பை வைத்தியநாத பாகவதர். விடாமல் தன் கச்சேரிகளில் பழனியை அமர்த்திக்கொண்டார். மணி ஐயரை இளவயதில் தூக்கிவிட்டதும் அதே செம்பைதான் என்பதை நினைத்தால், தமிழ்நாடும் கேரளமும் அந்த ஒரு மனிதருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கின்றன என்று எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

பிறகு நடந்தது ஊரறிந்தது. பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை, ராமநாதபுரம் சி.எஸ். முருகபூபதி என்று மூன்று பேரை ஒரே மூச்சில் சொல்லும் காலம் வந்தது. மணி ஐயர் மிருதங்கமும் பழனி கஞ்சிராவுமாக வாசித்த ஒலிப்பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. மகனுக்குப் போட்டுக் காட்டுங்கள். பழனி 1962-இல் மறைந்தார். மிருதங்கத்துக்கு முதன்முதலாகச் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது 1966-இல், மணி ஐயருக்கு. மியூசிக் அகாடமிக்கு அந்த யோசனை கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். பக்கவாத்தியத்துக்குப் பெரிய விருது தர இத்தனை காலம் ஆகியிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: பெண்கள் மிருதங்கம் வாசித்த வரலாறு உண்டா, அல்லது இப்போது வந்த புதுமையா?
– கல்லூரிப் பேராசிரியை, ஆலங்குடி

பதில்: புதுக்கோட்டைக்கு ஒரு பேருந்து ஏறுங்கள், திருக்கோகர்ணத்தில் இறங்குங்கள். அந்த ஊரில் 1910-இல் பிறந்தவர் ரங்கநாயகி அம்மாள். தந்தை நட்டுவனார் சிவராமன். தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் மிருதங்கம் கற்று மேடையேறினார். இந்த வாத்தியத்தில் பெயர் பெற்ற முதல் பெண்களில் ஒருவர். 1998 வரை வாழ்ந்தார்.

அவர் காலத்தை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். முன்னணி மிருதங்க வித்வான்கள் பெண்களுக்கு வாசிப்பதையே தவிர்த்துவந்த காலம் அது. மணி ஐயரே நெடுங்காலம் அப்படி இருந்து, டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்துத்தான் அந்த வழக்கத்தை விட்டார். பெண் பாடினால் வாசிக்கவே ஆள் தேட வேண்டிய நாளில், ஒரு பெண் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கற்றுக்கொடுத்த தட்சிணாமூர்த்தி பிள்ளைக்கும் அதில் பாதிப் பெருமை உண்டு. உங்கள் கல்லூரியில் மகளிர் தினத்துக்கு யாரைப் பற்றிப் பேசலாம் என்று அடுத்த முறை யோசிக்க வேண்டாம்.

கேள்வி: குடுமியான்மலை இசைக் கல்வெட்டில் பக்கவாத்தியம் பற்றி ஏதாவது உண்டா?
– திருமயம்

பதில்: ஏழு ராகங்களுக்கான சுரக் கோவைகள் உண்டு. ஏழாம் நூற்றாண்டு எழுத்து. தாளக் குறிப்பு இல்லை. புதுக்கோட்டை மண்ணில் தாளத்தைப் பொறிக்க இன்னும் ஆயிரத்து இருநூறு ஆண்டு ஆயிற்று. அது கல்லில் வேண்டியிருக்கவில்லை, தோலே போதுமாக இருந்தது.

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழா வள்ளி திருமண நாடகத்தில் ஆர்மோனியக்காரருக்கு ஏன் அத்தனை மரியாதை? நடிகர்களே காலைத் தொட்டுக் கும்பிடுகிறார்களே?
– விராலிமலை அருகே ஒரு கிராமம்

பதில்: அருமையான கேள்வி. மேலே பியானோ பற்றிக் கேட்ட அம்மாவும் இதைப் படிக்க வேண்டும். பியானோ துணை வாசிப்புக்கு நம் ஊரில் நேர் உறவு யார் என்று என்னைக் கேட்டால் ஸ்பெஷல் நாடக ஆர்மோனியக்காரரைத்தான் காட்டுவேன்.

ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய நடக்கும். சேர்ந்து நடிக்கிறவர்களில் சிலர் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்ப்பதே அந்த இரவில்தான். இத்தனை பேரையும் ஒரே நாடகமாகக் கட்டி வைத்திருப்பவர் மேடை ஓரத்தில் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருப்பவர். அவருக்கு ராஜபார்ட்டின் கட்டை தெரியும், ஸ்திரீபார்ட்டின் கட்டை தெரியும். தர்க்கத்தில் இருவரும் மாறி மாறிப் பாடும்போது கை இங்குமங்கும் தாவும். பாட்டின் அடி மறந்தால் பின்பாட்டில் எடுத்துக் கொடுப்பார். தொண்டை கட்டியவரை மறைத்துத் தானே உரக்கப் பாடிக் காப்பாற்றுவார். எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கே அவருடைய அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார்.

இதிலும் மான்பூண்டியா பிள்ளைதான் வருகிறார். வள்ளி திருமணம் உட்பட இந்த நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) புதுக்கோட்டையில் மான்பூண்டியா பிள்ளையிடம் தங்கித் தாள நுட்பம் கற்றவர். பிள்ளை அவரைச் சொந்த மகனாகவே நடத்தினார். சுவாமிகளின் பாட்டுகளில் சந்தம் அப்படித் துள்ளுவதற்கு அந்தப் பாடமும் ஒரு காரணம். உங்கள் ஊர்த் திருவிழாவில் நள்ளிரவு தாண்டிக் கேட்கும் தாளக்கட்டில் புதுக்கோட்டையின் கணக்கு இருக்கிறது. அடுத்த முறை நீங்களும் கும்பிடுங்கள்.

கேள்வி: அப்படிப்பட்ட ஆர்மோனியத்தை வானொலி ஏன் விரட்டியது?
– கந்தர்வகோட்டை

பதில்: கமகம் பேசாது என்று குற்றம் சாட்டி 1940-இல் விலக்கினார்கள். 1971-இல் நிபந்தனைகளோடு கதவு திறந்தது. விரட்டிய காலத்திலும் நாடகக் கொட்டகைகள் அதைக் கைவிடவில்லை.

கேள்வி: கமகம் வராத பியானோ கர்நாடகப் பாட்டுக்கு மட்டும் எப்படித் துணை நிற்கும்?
– திருச்சியில் வேலை பார்க்கும் புதுக்கோட்டைக்காரர்

பதில்: வயலின் செய்வதைப் பியானோ செய்யப் பார்த்தால் தோற்கும். அது தன் வேலையைச் செய்தால் போதும். சிக்கில் குருசரண் பாட, அனில் ஸ்ரீனிவாசன் பியானோ வாசிக்கும் நிகழ்ச்சிகளைக் கேளுங்கள். அனில், குரலின் வளைவுகளைத் துரத்துவதில்லை. குரல் நடக்க அடியில் ஒரு வெளி அமைத்துக் கொடுக்கிறார். எனக்கு அது பிடிக்கிறது. முழுக் கச்சேரி வேண்டுமென்றால் வயலினிடமே போவேன்.

கேள்வி: மிருதங்கக்காரருக்குப் பக்கவாத்தியம் யார்?
– கறம்பக்குடி

பதில்: மிருதங்கம் செய்கிறவர். மாட்டுத் தோல், ஆட்டுத் தோல், எருமைத் தோல் பார்த்து எடுத்து, வலந்தலையில் சாதம் அரைத்த கருங்கலவையை அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றி, வார் இழுத்து நாதம் கொண்டுவருகிறவர். மணி ஐயருக்குத் தஞ்சாவூர் பர்லாந்து இருந்தார். மணி ஐயரின் காது கேட்டதைப் பர்லாந்தின் கை செய்தது. டி.எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் இந்தக் கைவினைஞர்களைப் பற்றியது. தோலைத் தொடுகிறவர் என்று அவர்களைத் திண்ணையில் நிறுத்திவிட்டு, அந்தத் தோலை மட்டும் மேடைக்குக் கொண்டுபோன அநியாயத்தை அது பெயர் சொல்லிப் பதிவு செய்கிறது. பாடகருக்குக் கிடைக்கும் பெயரில் பக்கவாத்தியத்துக்குப் பாதிதான் என்றால், இவர்களுக்கு அதில் துளியும் போய்ச் சேரவில்லை. அவசியம் படியுங்கள்.

கேள்வி: தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்குப் போகிறவர்களுக்கு என்ன தண்டனை?
– புதுக்கோட்டை ரசிகர்

பதில்: அவர்கள் இழப்பதே தண்டனை. இரண்டு மணி நேரம் அடுத்தவர் பாட்டை வளர்த்துக் கொடுத்தவருக்குத் தன் பேச்சைப் பேசக் கிடைப்பது அந்தப் பதினைந்து நிமிடம்தான்.

கேள்வி: வெளிநாட்டில் புதுக்கோட்டைக் கொட்டு கேட்குமா?
– மணமேல்குடி

பதில்: நன்றாகவே கேட்கும். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர் டி. ரங்கநாதன், நாட்டியமேதை பாலசரஸ்வதியின் தம்பி, 1963-இல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இன்னொரு சீடர் திருச்சி சங்கரன் 1971 முதல் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 2011-இல் சங்கீத கலாநிதியும் பெற்றார். கனடாவில் பனி கொட்டும் காலையில் மாணவர்கள் சொல்லிப் பார்த்த சொற்கட்டுகள் மான்பூண்டியா பிள்ளை வழி வந்தவை.

கேள்வி: எல்லாம் சரி. மாதச் சம்பளம் வருமா? பேரன் மிருதங்கம் என்கிறான், மகன் பொறியியல் என்கிறான். நடுவில் நான்.
– ஓய்வுபெற்ற எழுத்தர், புதுக்கோட்டை

பதில்: பழைய நாளில் வானொலியில் ‘நிலைய வித்வான்’ என்று சம்பளத்துக்கு வேலை உண்டு. திருச்சி வானொலி 1939-இல் தொடங்கியதிலிருந்து எத்தனையோ பக்கவாத்தியக்காரர்களின் வீட்டில் அடுப்பெரிய வைத்தது. இன்று அந்த இடங்கள் சுருங்கிவிட்டன. வானொலித் தரம் பெற்றால் அவ்வப்போது நிகழ்ச்சி வரும். இசைப்பள்ளி ஆசிரியர் வேலை, நாட்டியக் கச்சேரிகள், வீட்டில் வகுப்பு, இணையவழியில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் என்று நாலு வாய்க்காலில் வந்து சேர்வதுதான் பெரும்பாலானவர்களின் வருமானம். பாடகருக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பகுதியைப் பக்கவாத்தியத்துக்குக் கொடுக்கும் வழக்கம் எனக்கு ஒப்புதல் இல்லை. கல்யாணக் கச்சேரி வைக்கிற உங்களைப் போன்ற பெரியவர்கள், அழைப்பிதழில் மிருதங்கக்காரர் பெயரையும் பாடகர் பெயர் அளவுக்கே அச்சிடுங்கள். சன்மானத்தைத் தனி உறையில் வைத்து அவர் கையிலேயே கொடுங்கள்.

பேரனுக்கு வழி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மிருதங்கம் மூன்றாண்டுப் படிப்பு. குரலிசை, வயலின், நாதசுவரம், தவில், தேவாரம், பரதநாட்டியம் எல்லாம் அங்கே பக்கத்து அறைகளில் நடக்கும். பொறியியலையும் விட வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்கள் மேடையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். மிருதங்க வகுப்பு முடிந்ததும் அவனை வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். குரலிசை வகுப்பில் ஒரு மூலையில் உட்கார ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, அங்கே சொல்லிக்கொடுக்கும் கீர்த்தனையைத் தொடையில் தாளம் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.